ரெண்டு நிமிஷத்துல ஜெயிச்ச வெல்டு

நாலாவது செமஸ்டர் மெட்டீரியல்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? யூ.டி.எம். மெஷின்ல ஒரு மைல்டு ஸ்டீல் பட்டையை மாட்டி, ரெண்டு பக்கமும் இழுத்து, "டப்"னு சத்தம் வந்ததும் மொத்த பேட்ச்சும் கைதட்டுமே, அதே லேப்தான். எங்க டீம் அன்னைக்கு ஒரு சின்ன வேலை பண்ணினோம். முழுப் பட்டைக்குப் பதிலா, நடுவுல வெட்டி, ஒர்க்‌ஷாப்ல நாங்களே வெல்டு வெச்ச பட்டையை மாட்டினோம். வெல்டிங் வெச்சது நானும் என் ரூம்மேட்டும். அதனால வெல்டு கண்டிப்பா விட்டுடும்னு கிளாஸ்ல பந்தயமே நடந்தது.

ரெண்டு நிமிஷம் இழுத்தோம். பட்டை ஒடைஞ்சது. ஆனா வெல்டுல இல்ல, அதுக்கு நாலு சென்டிமீட்டர் தள்ளி, சும்மா கிடந்த பட்டையில. எங்களுக்குத் தலைகால் புரியல. "வெல்டு ஒரிஜினல் ஸ்டீலை விட ஸ்ட்ராங்"னு ரெக்கார்டு நோட்ல பெருசா எழுதி வெச்சோம்.

சார் அதைப் படிச்சுட்டு சிரிச்சார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படின்னா பவர் பிளான்ட்ல ஆய்வுக்குப் போறவன் ஏன்பா நூறு மீட்டர் பைப்பை விட்டுட்டு வெல்டை மட்டும் தேடித் தேடிப் பார்க்கிறான்?"

அன்னைக்குப் பதில் தெரியல. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக ஒரு வருஷம் இதையே படிச்ச பிறகு இப்போ ஓரளவு தெரியும். பதிலைச் சுருக்கமா முதல்லயே சொல்லிடறேன். நாங்க வெல்டுகிட்ட கேள்வி கேட்டது ரெண்டு நிமிஷம். பவர் பிளான்ட் அதே கேள்வியை இருபது வருஷம் கேட்கும். அதுவும் 540 டிகிரி சூட்டுல வெச்சு, நடுநடுவுல ஆற வெச்சு, திரும்பச் சூடேத்தி. ரெண்டு கேள்விக்கும் வர்ற பதில் வேற வேற.

கட்டுக்கம்பியில இருந்து ஆரம்பிப்போம்

வீடு கட்டுற இடத்துல கட்டுக்கம்பி கிடைச்சா சின்ன வயசுல என்ன பண்ணுவோம்? இழுத்துப் பார்த்தா அறாது. முன்னும் பின்னும் நாலஞ்சு தடவை வளைச்சா பட்டுனு ஒடையும். இதுதான் ஃபெட்டீக். தமிழ்ல "உலோகச் சோர்வு"ன்னு சொல்லுவாங்க. பொருத்தமான வார்த்தைதான். ஒரே அடியில விழாதவன் தினமும் கொஞ்சம் கொஞ்சமா சோர்ந்து விழுற மாதிரி.

இதை முதல்ல ஒழுங்கா அளந்து பார்த்தவர் ஆகஸ்ட் வோலர், பிரஷ்யா ரயில்வே இன்ஜினியர். 1850, 60-களில் ரயில் அச்சுகள் தாங்க வேண்டிய எடைக்கு ரொம்பக் கீழேயே ஒடைஞ்சுகிட்டு இருந்தது. அவர் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுழற்றி, எவ்வளவு ஸ்ட்ரெஸ்ஸுக்கு எத்தனை சுழற்சி தாங்குதுன்னு பதிவு பண்ணினார். நம்ம டிசைன் பேப்பர்ல பதினாறு மார்க்குக்கு வர்ற எஸ்-என் கர்வ் அங்கிருந்துதான் வருது. ஸ்டீலுக்கு அதுல ஒரு நல்ல சேதியும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெஸ்ஸுக்குக் கீழே இருந்தா எத்தனை தடவை ஆட்டினாலும் ஒண்ணும் ஆகாது. அதுதான் என்டியூரன்ஸ் லிமிட்.

இப்போ அதே ஸ்டீலை வெல்டு பண்ணுங்க. அந்த நல்ல சேதியில பாதி காலி. காரணம் வெல்டு மெட்டல் பலவீனமா இருக்கிறது இல்ல (எங்க யூ.டி.எம். ரிசல்ட் பொய் இல்ல). காரணம் வடிவம். வெல்டு பீடு பட்டையோட வந்து சேர்ற ஓரம் இருக்கு பாருங்க, அதுக்கு வெல்டு டோ-ன்னு பேரு. அங்க ஒரு கூர்மையான மூலை உருவாகுது. ஸ்ட்ரெஸ் அங்க குவியும். அந்த மூலையிலயே கண்ணுக்குத் தெரியாத ஸ்லாக் துணுக்குகள் செருகிக்கிட்டு இருக்கும். அதாவது விரிசல் புதுசா பிறக்க வேண்டியதே இல்ல, ஏற்கெனவே பிறந்து காத்துக்கிட்டு இருக்கு. போதாக்குறைக்கு, உருகின வெல்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கும், பக்கத்து மெட்டல் விடாது. அந்த இழுபறி ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்ஸா உள்ளேயே தங்கிடும். சில இடங்கள்ல அது ஈல்டு ஸ்ட்ரெஸ் அளவுக்கே இருக்கும்.

இதோட விளைவு ஒண்ணு எனக்கு ரொம்ப நாள் ஜீரணமாகல. ஒரு தகட்டுல குறுக்கா ஒரு ஸ்டிஃப்னர் வெல்டு பண்ணியிருக்கோம்னு வைங்க. சர்வதேச வெல்டிங் நிறுவனமான ஐ.ஐ.டபிள்யூ. பரிந்துரைப்படி அதுக்கு ஃபேட் 80 கிளாஸ். அர்த்தம், 20 லட்சம் சுழற்சிக்கு 80 மெகாபாஸ்கல் ஸ்ட்ரெஸ் ரேஞ்ச். தகடு 250 மெகாபாஸ்கல் ஈல்டு உள்ள சாதா ஸ்டீலா இருந்தாலும் 80 தான், 700 மெகாபாஸ்கல் உள்ள விலை உயர்ந்த ஸ்டீலா இருந்தாலும் அதே 80 தான். வெல்டை அப்படியே விட்டா, நல்ல ஸ்டீலுக்குக் குடுத்த காசு ஃபெட்டீக் விஷயத்துல வீண்.

இது வரைக்கும் எல்லாம் ரூம் டெம்பரேச்சர் கதை. இதுல கடிகாரம் கிடையாது. ஒரு சுழற்சி ஒரு செகண்ட்ல நடந்தாலும் ஒரு நாள்ல நடந்தாலும் எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு. சூடு ஏறினா கடிகாரம் ஓட ஆரம்பிக்கும்.

கொடிக்கயிறு தொய்யறது

ஹாஸ்டல் மொட்டை மாடியில நைலான் கொடி கட்டியிருப்போம். ஈரப் போர்வையைப் போட்டா அப்போதைக்குக் கொஞ்சம் இறங்கும். எடுத்துட்டா திரும்ப ஏறும். ஆனா ஒரு செமஸ்டர் முழுக்கத் துணி தொங்கினா கயிறு நிரந்தரமா தொய்ஞ்சு போயிடும். சுமை கூடல. நேரம்தான் கூடியிருக்கு. இதுதான் க்ரீப்.

ஸ்டீல் இதைச் சாதாரண சூட்டுல செய்யாது. உருகுநிலையை கெல்வின்ல எடுத்து, அதுல 0.4 மடங்கு தாண்டினா க்ரீப்பை கவனிக்கணும்னு ஒரு கட்டை விரல் கணக்கு உண்டு. ஸ்டீல் சுமார் 1500 டிகிரியில உருகும், அதாவது 1773 கெல்வின். அதுல 0.4 மடங்கு 709 கெல்வின். திரும்ப செல்சியஸுக்கு மாத்தினா 436 டிகிரி. நம்ம ஊர் 500 மெகாவாட் தெர்மல் யூனிட்ல மெயின் ஸ்டீம் பைப் ஓடுறது 540 டிகிரி பக்கத்துல. சூப்பர்கிரிட்டிக்கல் யூனிட்னா இன்னும் மேல. அப்போ அந்த பைப் வேலை செய்யுற ஒவ்வொரு மணி நேரமும் கொடிக்கயிறு மாதிரி மெதுவா நீண்டுகிட்டுதான் இருக்கு. தெரிஞ்சேதான் டிசைன் பண்றாங்க. ஒரு லட்சம் மணி நேரத்துல ஒடையக்கூடிய ஸ்ட்ரெஸ் எவ்வளவுன்னு பார்த்து, அதுக்குப் போதுமான அளவு கீழே வெச்சு பைப்போட தடிமனை முடிவு பண்ணுவாங்க. ஒரு லட்சம் மணி நேரம்னா பதினொன்றரை வருஷம்.

சரி, பைப்தான் சும்மா நிக்குதே, அதை யார் முன்னும் பின்னும் வளைக்கிறாங்க? ஃபெட்டீக் எங்கிருந்து வந்தது?

யாரும் வளைக்கல. சூடே வளைக்குது. ஒரு ஸ்டீல் கம்பியை ரெண்டு பக்கமும் நகர விடாம இறுக்கிப் பிடிச்சுட்டு 100 டிகிரி சூடேத்துங்க. எக்ஸ்பான்ஷன் கோஎஃபிஷியன்ட் 12 மைக்ரோ, யங்ஸ் மாடுலஸ் 200 கிகாபாஸ்கல். மூணையும் பெருக்கினா 240 மெகாபாஸ்கல். சாதா ஸ்டீலோட ஈல்டைத் தொட்டாச்சு, ஒரு கிலோ எடை கூட ஏத்தாம! பிளான்ட்ல யாரும் பைப்பை அப்படி இறுக்கிப் பிடிக்கிறது இல்லதான். ஆனா தடியான சுவர் தன்னைத்தானே பிடிச்சுக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டீம் உள்பக்கத்தைத்தான் முதல்ல சூடாக்கும். வெளிப்பக்கம் இன்னும் ஆறியே இருக்கும். உள்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் விடாது. உள்ளே அமுக்கம். நிறுத்தும்போது அப்படியே தலைகீழ், உள்ளே இழுவிசை. ஒரு ஸ்டார்ட், ஒரு ஸ்டாப் சேர்ந்தா கட்டுக்கம்பியை ஒரு தடவை முன்னும் பின்னும் வளைச்ச கணக்கு.

இங்கதான் லேபுக்கும் பிளான்ட்டுக்கும் பெரிய இடைவெளி விழுது. லேப்ல ஒரு சுழற்சி சில செகண்ட். பிளான்ட்ல சூடேறின பிறகு ஒரு நாளோ, ஒரு மாசமோ அப்படியே நிக்கும். அந்த நிக்கிற நேரத்துக்கு ஹோல்டு டைம்னு பேரு. அந்த நேரம் முழுக்க க்ரீப் தன் வேலையைப் பார்க்கும். அடுத்த தடவை வளைக்கும்போது பழைய மெட்டலே இருக்காது, உள்ளே சின்னச் சின்ன ஓட்டை விழுந்த மெட்டலா இருக்கும். சரி, லேப்லயும் நிறுத்தி வெச்சுப் பார்க்கலாமேன்னு கேட்பீங்க. பத்து நிமிஷ ஹோல்டோட ஆயிரம் சுழற்சி ஓட்ட ஒரு வாரம் ஆகும். ஒரு நாள் ஹோல்டுன்னா ரெண்டே முக்கால் வருஷம். பி.ஹெச்டி. ஸ்காலர் பாவம் இல்லையா.

ரெண்டு பலசாலிகளுக்கு நடுவுல ஒரு நோஞ்சான்

இப்போ அசல் வில்லனுக்கு வரேன். பி91-னு ஒரு ஸ்டீல். 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், கூடவே துளியூண்டு வனேடியம், நயோபியம், நைட்ரஜன். 1970-களின் பிற்பகுதியில அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் நேஷனல் லேபரட்டரியில உருவாக்கினது. பழைய பி22 ஸ்டீலை விட க்ரீப்பை நல்லா தாங்கும். அதனால பைப் சுவரை மெல்லிசா வெக்கலாம். சுவர் மெல்லிசானா உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் சூட்டு வித்தியாசம் குறையும், தெர்மல் ஃபெட்டீக்கும் குறையும். பார்க்க எல்லாமே ப்ளஸ்.

இதோட பலம் வர்றது கெமிஸ்ட்ரியில மட்டும் இல்ல, ஹீட் ட்ரீட்மென்ட்ல. 1050 டிகிரி பக்கத்துல சூடேத்தி ஆற வெச்சா மார்டென்சைட் உருவாகும். அப்புறம் 750 பக்கத்துல டெம்பர் பண்ணினா அந்த மார்டென்சைட்டோட எல்லைகள்ல நுண்ணிய கார்பைடு துகள்கள் வரிசையா உட்காரும். அந்தத் துகள்கள்தான் வாட்ச்மேன். எல்லைகளை நகர விடாது. எல்லை நகராத வரைக்கும் க்ரீப் மெதுவாத்தான் நடக்கும்.

வெல்டு பண்ணும்போது என்ன ஆகுது? வெல்டுக்கு ஒட்டின இடம் 1300 டிகிரி வரைக்கும் போகும். அங்க பழசு எல்லாம் கரைஞ்சு புதுசா உருவாகும், பிரச்சினை இல்ல. ரொம்பத் தள்ளி இருக்கிற இடத்துக்குச் சூடே போகாது, அங்கயும் பிரச்சினை இல்ல. நடுவுல ஒரு இடம், 850, 900 டிகிரி மட்டும் பார்த்த இடம், அதுதான் மாட்டிக்குது. மார்டென்சைட் பாதி மாறியும் மாறாமலும் இருக்கும். கார்பைடு முழுசா கரையாது, ஆனா வீங்கும். சின்னச் சின்ன வாட்ச்மேன்கள் பத்து பேர் நின்ன இடத்துல தொந்தி வெச்ச வாட்ச்மேன் ரெண்டு பேர். அதுக்கு மேல வெல்டிங் முடிஞ்சதும் ஸ்ட்ரெஸ் போக்க 760 டிகிரியில ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணுவோம். அது கண்டிப்பா வேணும், இல்லைன்னா வெல்டு கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஆனா அது அந்த நடுப் பட்டையை இன்னும் கொஞ்சம் மென்மையாக்கும்.

வெல்டோட சூடு பாதிச்ச பகுதி மொத்தமும் ஹாஸ்னு கிளாஸ்ல படிச்சோம் இல்லையா? சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அதுலயும் வெளி ஓரத்துல இந்த நோஞ்சான் பட்டை ஒரு மில்லிமீட்டரோ என்னவோ. ஒரு பக்கம் பலமான வெல்டு, இன்னொரு பக்கம் பலமான பைப். நடுவுல இது மட்டும் நீளப் பார்க்கும், ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுக்கும். பஸ்ல மூணு பேர் சீட்ல நடுவுல மாட்டினவன் மாதிரி, எந்தப் பக்கமும் நகர முடியாது. எல்லாத் திசையிலயும் இழுபட்டா மெட்டல் நீளாது, உள்ளே ஓட்டை போடும். ஓட்டைகள் சேர்ந்து விரிசலாகும். 1974-ல ஷூலர்ங்கிறவர் பண்ணின வகைப்பாட்டுல வெல்டு விரிசல்களை நாலு டைப்பா பிரிச்சாங்க. முதல் ரெண்டும் வெல்டு மெட்டல்ல ஆரம்பிக்கிறது, மூணாவது வெல்டுக்கு ஒட்டின பெரிய கிரெய்ன் பகுதி, நாலாவது இந்த நோஞ்சான் பட்டை. அதனால இதுக்கு டைப் ஃபோர் கிராக்கிங்னு பேரு.

இதுல ரெண்டு விஷயம் பயமுறுத்துது. ஒண்ணு, தடியான பைப்ல விரிசல் பெரும்பாலும் சுவருக்கு உள்ளேயே ஆரம்பிக்கும். வெளியில இருந்து பார்த்தா பளபளன்னு இருக்கும். ரெண்டு, பைப் ஊதிப் பெருத்து எச்சரிக்கை குடுக்காது. நீளுறது அந்த ஒரு மில்லிமீட்டர் மட்டும்தானே, மொத்த பைப்பை அளந்தா ஒண்ணும் தெரியாது.

எங்க லேப் ரிசல்ட்டுக்கான பதிலும் இங்கதான் இருக்கு. பி91 வெல்டு ஜாயின்ட்டைப் பெரிய ஸ்ட்ரெஸ் குடுத்து சீக்கிரம் ஒடைச்சா, பைப்லயோ வெல்டு மெட்டல்லயோதான் ஒடையும். ஸ்ட்ரெஸ்ஸைக் குறைச்சு, ஆயிரக்கணக்கான மணி நேரம் காத்திருந்தா, ஒடையுற இடம் மெதுவா நகர்ந்து டைப் ஃபோர் பட்டைக்கு வந்துடும். அதாவது சின்ன டெஸ்ட்ல கிடைச்ச கோட்டை அப்படியே ஸ்கேல் வெச்சு நீட்டினா தப்பான பதில் வரும். ஒடையுற விதமே வேறயா மாறியிருக்கும்.

கூட்டல் கணக்கு ஏன் தப்பா போகுது

ஃபெட்டீக்குக்கு மைனர் ரூல் படிச்சிருப்பீங்க. தாங்கக்கூடியது ஆயிரம் சுழற்சி, நூறு முடிஞ்சா 0.1 காலி. க்ரீப்புக்கும் அதே மாதிரி மணி நேரக் கணக்கு இருக்கு. ரெண்டையும் கூட்டி 1-க்குக் கீழ இருந்தா சேஃப்னு நினைப்போம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு உதவி பண்ணிக்கிறதால அது நடக்கிறதில்ல. க்ரீப் போட்ட ஓட்டை வழியா ஃபெட்டீக் விரிசல் சுலபமா நுழையும். வளைக்கிறது ஒவ்வொரு தடவையும் மெட்டலோட உள் அமைப்பைக் கலைச்சு க்ரீப்பை வேகமாக்கும். பி91 வளைக்க வளைக்க மென்மையாகிற டைப், அது இன்னும் வசதி.

அதனால ஏ.எஸ்.எம்.இ. கோடுல அணு உலைக்கான பகுதியில ஒரு படம் இருக்கு. எக்ஸ் அச்சுல ஃபெட்டீக் டேமேஜ், ஒய் அச்சுல க்ரீப் டேமேஜ். நேர்கோடா இல்லாம உள்ளே மடங்கின கோடு. 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அந்த மடங்குற புள்ளி 0.3, 0.3. பி91 வகைக்கு 0.1, 0.01. இதுக்கு என்ன அர்த்தம்னு கால்குலேட்டர் எடுத்துப் பார்த்தேன். க்ரீப் ஆயுள்ல பாதி முடிஞ்ச 316 பைப்புக்கு ஃபெட்டீக் ஆயுள்ல 21 சதவீதம் செலவழிக்க அனுமதி இருக்கு. அதே நிலைமையில பி91-க்கு வெறும் 5 சதவீதம். இது ரொம்பவே ஜாக்கிரதையான கணக்கு, நிஜத்துல அவ்வளவு மோசம் இல்லைன்னு சொல்ற ஆராய்ச்சியாளர்கள் நிறைய பேர் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா பந்தயம் கட்டுறது என் பைப் இல்லையே.

இன்னொரு ஆச்சரியம். எல்லாரும் இழுத்துப் பிடிச்சு வெச்சாதான் ஆபத்துன்னு நினைப்போம். 9 குரோமியம் ஸ்டீல்ல காத்துல வெச்சு டெஸ்ட் பண்ணும்போது, அமுக்கிப் பிடிச்சு வெச்சா ஆயுள் இன்னும் குறையுது. அமுக்கின நிலையில மேற்பரப்புல ஆக்சைடு படியும். திரும்ப இழுக்கும்போது மெட்டல் நீளும், ஆக்சைடு நீளாது. அப்பளம் மாதிரி நொறுங்கி, அந்த வெடிப்பே மெட்டலுக்குள்ள இறங்க வழியாகும். மேலே சொன்ன ஸ்டார்ட்-அப்பை இப்போ யோசிச்சுப் பாருங்க. பைப்போட உள்பக்கம் சூடேறும்போது இருக்கிறது இதே அமுக்கத்துலதான்.

இந்த மாதிரி டெஸ்ட்டுகளுக்கு நாம வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்ல. கல்பாக்கத்துல இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல பல வருஷமா இதே 9 குரோமியம் ஸ்டீலுக்கும் அதோட வெல்டுகளுக்கும் க்ரீப்-ஃபெட்டீக் டெஸ்ட் நடக்குது. காரணம் பக்கத்துலயே இருக்கிற 500 மெகாவாட் ஃபாஸ்ட் ப்ரீடர் உலை. அதுல சோடியம் 397 டிகிரியில உள்ளே போய் 547 டிகிரியில வெளியே வரும். ஸ்டீம் ஜெனரேட்டர் இந்த 9 குரோமியம் ஸ்டீல்தான். ட்யூபுக்கு உள்ளே தண்ணி, வெளியே சோடியம். சோடியத்தைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்னு ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரி லேப்ல பார்த்திருப்பீங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு ட்யூப் சுவரும், அதை ட்யூப் ஷீட்டோட சேர்க்கிற ஒரு வெல்டும். அதனாலதான் அங்க ஒவ்வொரு வெல்டுக்கும் அவ்வளவு மெனக்கெடல்.

1985, ஜூன் 9

கிளாஸ்ல இதெல்லாம் வெறும் கர்வ் மாதிரிதான் இருக்கும். அமெரிக்காவில நெவாடா மாநிலத்துல மொஹாவின்னு ஒரு நிலக்கரி மின் நிலையம் இருந்தது. 1971-ல ஓட ஆரம்பிச்சது. 1985 ஜூன் 9 அன்னைக்கு அங்க ஹாட் ரீஹீட் பைப் வெடிச்சது. சுமார் 540 டிகிரி ஸ்டீம் கொண்டு போற பைப். தகட்டை உருட்டி, நீளவாக்குல வெல்டு போட்டு செஞ்ச பைப். அந்த நீள வெல்டு வழியாவே பிளந்தது. ஆறு பேர் செத்துப் போனாங்க. அது பி91 இல்ல, குரோமியம் குறைவான பழைய ஸ்டீல். முக்கியக் காரணம் க்ரீப்தான், ஃபெட்டீக்னு மட்டும் சொல்ல முடியாது. ஆனா பதினாலு வருஷம் எந்த வம்பும் பண்ணாம ஓடின வெல்டு அது. அதுக்கு அப்புறம்தான் அமெரிக்க மின் நிலையங்கள் நீள வெல்டு போட்ட பைப்புகளை வரிசையா சோதிக்க ஆரம்பிச்சாங்க.

இப்போ ஏன் இதைப் பேசணும்

பழைய தெர்மல் யூனிட்டுகளை எல்லாம் நிறுத்தாம ஓடும்னு நினைச்சுத்தான் டிசைன் பண்ணினாங்க. வருஷத்துக்குச் சில ஸ்டார்ட்-ஸ்டாப், அவ்வளவுதான். அதாவது க்ரீப் நிறைய, ஃபெட்டீக் கம்மி. இப்போ மதியம் சோலார் கொட்டுது, சாயந்திரம் ஆறு மணிக்குக் காணாம போகுது. அந்தப் பள்ளத்தை நிரப்பப் போறது இதே நிலக்கரி யூனிட்டுகள்தான். 2023-ல மத்திய மின்சார ஆணையம் இதுக்காகவே விதிமுறை போட்டது. லோடை 55 சதவீதம் வரைக்கும் குறைச்சு ஓட்டத் தெரியணும், பிறகு படிப்படியா 40 சதவீதம்.

லோடைக் குறைக்கிறதால மட்டும் ஸ்டீம் சூடு பெருசா இறங்கிடாது, அது ஓரளவு பரவாயில்ல. ராத்திரி முழுசா நிறுத்தி காலையில எழுப்புறதுதான் வெல்டுக்கு வேட்டு. ஆனா இருபது வருஷம் க்ரீப் ஆயுளைச் செலவழிச்ச ஒரு பைப்கிட்ட இப்போ வந்து தினமும் வளைஞ்சு குடுன்னு கேட்கிறோம். மேலே போட்ட 5 சதவீதக் கணக்கை ஞாபகம் வெச்சுக்கங்க. சோலார் வேண்டாம்னு சொல்ல வரல, எனக்கு சோலார் பிடிக்கும். அந்த யூனிட்டுகளோட வெல்டு லிஸ்ட் யார் கையில இருக்கு, கடைசியா எப்போ பார்த்தாங்கங்கிற கேள்வி இப்போ அவசரமாகியிருக்குன்னு மட்டும் சொல்றேன்.

எப்படிப் பார்ப்பாங்கன்னு போன லீவுல ஒரு தெர்மல் ஸ்டேஷன்ல இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போனப்போ கொஞ்சம் தெரிஞ்சுகிட்டேன். யூனிட் நிறுத்தின நேரம். வெல்டு மேல இருக்கிற இன்சுலேஷனைப் பிரிச்சு, அந்த இடத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணி, ஆசிட் வெச்சு, மேல ஒரு பிளாஸ்டிக் டேப் ஒட்டி எடுப்பாங்க. அதுக்கு ரெப்ளிகான்னு பேரு. டேப்பை மைக்ராஸ்கோப்ல பார்த்தா மெட்டலோட கைரேகை தெரியும், ஓட்டை விழ ஆரம்பிச்சிருந்தா அதுவும் தெரியும். ஆனா டைப் ஃபோர் உள்ளே ஒளிஞ்சிருக்குமே, அதுக்கு அல்ட்ராசானிக். கூடவே ஹார்ட்னஸ். பி91-ல 190 பிரினெல்லுக்குக் கீழ வந்தா அங்க இருக்கிற இன்ஜினியர்கள் முகம் மாறும்.

அங்க ஒரு வெல்டர் அண்ணன் இருந்தார். முப்பது வருஷ சர்வீஸ். பி91 ஜாயின்ட் பத்தி அவர் சொன்னதுல பாதி என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல இருக்கு. "தம்பி, மத்த ஜாயின்ட்டெல்லாம் பத்த வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடலாம். இது கைக்குழந்தை." வெல்டு ஆரம்பிக்கும் முன்னாடி 200 டிகிரிக்குச் சூடேத்தணும், வெல்டிங் முடியுற வரை அது இறங்கக் கூடாது. முடிஞ்சதும் 100-க்குக் கீழே ஆற விடணும், அப்போதான் மார்டென்சைட் முழுசா மாறும். அப்புறம் 760-க்கு ஏத்தி மணிக்கணக்குல வெக்கணும். நடுவுல கரன்ட் போனா? அதுக்குத்தான் பக்கத்துலயே ஒரு டீசல் ஜெனரேட்டர் நிக்குமாம். 760-ங்கிறது 800-ஐத் தாண்டிப் போனாலோ, ஹீட்டர் பேடு ஒரு பக்கம் நழுவினாலோ அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஹைட்ரோ டெஸ்ட்டும் பாஸ் ஆகும், எங்க பட்டை பாஸ் ஆன மாதிரியே.

எங்க லேப் பட்டையோட ரெண்டு துண்டும் இன்னும் என் டேபிள்ல பேப்பர் வெயிட்டா கிடக்கு. ரெக்கார்டு நோட்ல "வெல்டு ஒரிஜினல் ஸ்டீலை விட ஸ்ட்ராங்"னு எழுதினதுக்குப் பக்கத்துல சார் பச்சை மையில ரெண்டே வார்த்தை எழுதியிருக்கார்: "எவ்வளவு நேரத்துக்கு?"